புதிய கடல்நீர்த் தொட்டி: மீனுக்கு முன்னால் பாக்டீரியா

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு முன்னறையில் நான் வைத்த முதல் கடல்நீர்த் தொட்டியில் மூன்று மீன்கள் இருந்தன. இரண்டு கோமாளி மீன்கள், ஒரு நீல டாம்செல். தண்ணீர் நிரப்பிய நான்காம் நாளே விட்டுவிட்டேன். "கடல் தண்ணிதானே, தாராளமா விடலாம்" என்று விற்றவர் சொன்னார், நம்பினேன். ஏழாம் நாள் காலையில் பார்த்தால் மூன்றும் குழாயிலிருந்து தண்ணீர் விழும் இடத்துக்குக் கீழே, மேல்மட்டத்தில் வாயைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. செவுள் மூடி நிற்காமல் அடித்துக்கொள்கிறது. இரை போட்டேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒன்பதாம் நாள் டெஸ்ட் கிட் கூரியரில் வந்து சேர்ந்தபோது ஒரு கோமாளி மட்டும்தான் மிச்சம். அம்மோனியா பார்க்கும் சின்னக் கண்ணாடிக் குழாயில் மஞ்சளாக இருக்க வேண்டிய தண்ணீர் கரும்பச்சையாக மாறியது. அட்டையில் ஒப்பிட்டால் 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு). அன்று இரவே அதுவும் போய்விட்டது.

அந்த மீன்களுக்கு நோய் எதுவும் இல்லை. அவற்றின் கழிவே அவற்றைக் கொன்றது. அந்தக் கழிவைத் தின்று தீர்க்கும் பாக்டீரியா என் தொட்டியில் அப்போது இல்லை, அதை வளர்க்க வேண்டும் என்பதும் எனக்குத் தெரியாது. இரண்டாம் முறை 38 நாள் காத்திருந்து தொடங்கினேன். அந்தத் தொட்டி இன்றும் ஓடுகிறது. உங்கள் மீன்கள் அப்படிச் சாக வேண்டாம் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

1. எந்த மாதம் தொடங்குவது

சாமான் வாங்கத் தொடங்கும் நாளிலிருந்து முதல் மீன் விடும் நாள் வரை இரண்டு மாதம் ஒதுக்குங்கள். நம் குமரி மாவட்டத்துக்கு ஜூனில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, அக்டோபர், நவம்பரில் வடகிழக்கு மழையும் உண்டு. இரண்டிலும் மின்சாரம் அடிக்கடி போகும், கடலும் கலங்கிக் கிடக்கும். ஏப்ரல், மே மாதங்களில் தொட்டித் தண்ணீர் 31 டிகிரியைத் தொடும். எனவே ஜனவரிதான் நல்ல மாதம். பொங்கல் முடிந்து தொடங்கினால் ஏப்ரல் வெயிலுக்கு முன்பே தொட்டி நிலைக்கு வந்துவிடும்.

2. சட்டமும் ரசீதும்

முதல் பொறி கடற்கரையிலேயே இருக்கிறது. "பவளப்பாறைத் துண்டு கொண்டு வந்து தரேன், லைவ் ராக் மாதிரி போட்டுக்கோ" என்று யாராவது சொல்வார்கள். லைவ் ராக் என்பது பாக்டீரியாவும் சின்ன உயிர்களும் ஒட்டி வாழும் பாறை. வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள், கடல்விசிறி, கடற்குதிரை, கடல் அட்டை எல்லாமே வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் உள்ளவை. உயிரோடு இருந்தாலும் செத்துக் காய்ந்திருந்தாலும் வைத்திருப்பது குற்றம். 3 முதல் 7 ஆண்டு வரை சிறை உண்டு. தொட்டிக்கென்று விற்கும் உலர் பாறையை ரசீதோடு வாங்குங்கள். எந்தப் பாறை, எத்தனை கிலோ, மீன் என்றால் என்ன இனம் என்று ரசீதில் எழுதித்தரச் சொல்லுங்கள். "மீன் – 2" என்று மட்டும் கிறுக்கிய சீட்டால் ஒரு பயனும் இல்லை.

கடற்கரை மணலும் வேண்டாம். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலில் இல்மனைட்டும் மோனசைட்டும் கலந்திருக்கின்றன. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. அள்ளுவதும் சட்டச்சிக்கல், தொட்டிக்கும் ஆகாது. கடையில் கிடைக்கும் அரகனைட் மணல் சுண்ணாம்புச் சத்து உள்ளது, தொட்டிக்கு அதுவே ஏற்றது.

வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தண்ணீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்த்து என் 3 அடித் தொட்டி ஏறக்குறைய 300 கிலோ. மாடி வீட்டில் சுவரை ஒட்டி வையுங்கள், அறை நடுவில் வேண்டாம்.

3. சாமான்களும் செலவும்

சின்னத் தொட்டி சுலபம் என்று தோன்றும். உண்மையில் சின்னத் தொட்டியில்தான் எல்லாம் சீக்கிரம் கெடும். 3 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வையுங்கள். ஏறத்தாழ 180 லிட்டர் பிடிக்கும்.

எனக்கு ஆன செலவைச் சொல்கிறேன், விலை கொஞ்சம் முன்பின் இருக்கும். தொட்டியும் கீழே வைக்கும் சம்ப் தொட்டியும் சேர்த்து 11,000 ரூபாய், ஸ்டாண்டு 7,000, தண்ணீரை மேலே ஏற்றும் பம்பு 2,800, தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் வேவ் மேக்கர் 1,600, கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர் 8,500, விளக்கு 6,500, மேலே மாட்டும் விசிறி 1,400, உப்பு 4,800, உலர் பாறை 5,000, மணல் 3,000, உப்பின் அளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டர் 1,700, டெஸ்ட் கிட்டுகள் 5,200, ஆர்.ஓ. மெஷினோடு சேர்க்கும் மிச்ச தாதுக்களையும் நீக்கும் டி.ஐ. குழாய் 1,500, பாட்டில் பாக்டீரியா 1,600, பேட்டரி ஏர் பம்பு 1,800. கூட்டினால் 63,400. இதில் மீன் இல்லை.

இந்தப் பணம் ஒரே மாதத்தில் வேண்டியதில்லை. விளக்கைக் கடைசியில் வாங்கலாம். பாக்டீரியாவுக்கு வெளிச்சம் தேவையில்லை, முதல் ஆறு வாரம் விளக்கு எரிந்தால் பாசிதான் வளரும். ஸ்கிம்மரும் மீன் வந்த பிறகு போதும். ஹீட்டர் நம் ஊரில் வேண்டாம். ஆனால் டெஸ்ட் கிட்டைத் தள்ளிப் போடாதீர்கள். அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், பிஹெச், காரத்தன்மை ஆகிய ஐந்துக்கும் கிட் தொட்டிக்கு முன்பே வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

ஸ்டாண்டில் ஒரு எச்சரிக்கை. உப்புக் காற்றும் உப்புத் தெறிப்பும் சேர்ந்து இரும்புச் சதுரக் குழாயை ஒரே மழைக்காலத்தில் தின்றுவிடும். என்னுடைய முதல் ஸ்டாண்டின் வெல்டிங் இணைப்புகளில் எட்டாம் மாதமே பெயிண்டு உப்பி உதிர்ந்தது. கடலோர ஊர்க்காரர் என்றால் அலுமினியம் போடுங்கள், இல்லையென்றால் செங்கல் கட்டி மேலே கடப்பா கல் போட்டுவிடுங்கள்.

மின்சாரக் கணக்கு: பம்பு, வேவ் மேக்கர், ஸ்கிம்மர், விசிறி, 8 மணி நேர விளக்கு எல்லாம் சேர்த்து எனக்கு ஒரு நாளைக்கு 1.75 யூனிட். இரண்டு மாதத்துக்கு 105 யூனிட். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் யூனிட்டில் ஒரு நல்ல பங்கைத் தொட்டியே எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டிப் போகிற வீடு என்றால் அந்த எல்லையைத் தாண்டும்போது கட்டணம் நன்றாகவே ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள்.

4. தண்ணீர்

இரண்டு வழி இருக்கிறது.

முதல் வழி, ஆர்.ஓ. தண்ணீரில் தொட்டி உப்பைக் கலப்பது. வீட்டுக் குடிநீர் மெஷினிலிருந்து அப்படியே பிடிக்காதீர்கள். பல மெஷின்களில் சுவைக்காகக் கொஞ்சம் குழாய்த் தண்ணீரைத் திரும்பக் கலக்கும் திருகு ஒன்று இருக்கும், தாது சேர்க்கும் குப்பி ஒன்றும் இருக்கும். அவற்றைத் தவிர்த்து, டி.ஐ. குழாய் வழியாக வரும் தண்ணீரை, கரைந்திருக்கும் உப்பின் அளவு காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பாருங்கள். 0 காட்ட வேண்டும்.

உப்பு என்றால் தொட்டி உப்புதான். சாமித்தோப்பு உப்பளத்து உப்பு நல்ல உப்பு, சமையலுக்கு. உப்பளத்தில் கடல்நீர் காயும்போது சுண்ணாம்புச் சத்து முதலில் ஜிப்சமாகப் படிந்துவிடும், மக்னீசியம் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரோடு போய்விடும். நடுவில் எடுப்பது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டும். அதில் கடல் மீன் வாழாது.

இரண்டாம் வழி, கடலிலிருந்தே எடுப்பது. நம் மாவட்டத்தில் இது பெரிய வசதி, பெரிய ஆபத்தும் கூட. என் முதல் தொட்டிக்கு ஆனி மாதத்தில் கரையில் நின்று கேனில் பிடித்தேன். முட்டத்தில் கடலுக்குப் போகும் உறவுக்காரர் ஒருவர் பிறகு அதைக் கேட்டுவிட்டு, "மக்களே, கச்சான் அடிக்கும்போது கரைத் தண்ணிய எவனாவது எடுப்பானா? வெளிய போகும்போது நானே மோந்துட்டு வாறேன்" என்றார். கச்சான் என்பது மழைக்கால மேற்குக் காற்று. இப்போது அவர்தான் ஜனவரி முதல் மார்ச் வரை எனக்குத் தண்ணீர் தருகிறார். பழையாறு கலக்கும் மணக்குடி, குழித்துறைத் தாமிரபரணி கலக்கும் தேங்காய்ப்பட்டணம் போன்ற பொழிமுகங்களில் எடுக்காதீர்கள். உப்பு குறைவாக இருக்கும், ஊர் அழுக்கும் இருக்கும். துறைமுகத்துக்குள்ளும் வேண்டாம், டீசல் படலம் மிதக்கும். கொண்டு வந்த தண்ணீரை நெருக்கமான துணியில் வடிகட்டி, மூடிய நீல டிரம்மில் இரண்டு வாரம் இருட்டில் வையுங்கள். மிதவை உயிர்கள் செத்து அடியில் படியும். மேல் தண்ணீரை மட்டும் எடுத்து, கார்பன் போட்டு, அம்மோனியாவும் உப்பும் பார்த்த பிறகே பயன்படுத்துங்கள்.

இரண்டில் எது நல்லது என்று கேட்டால், தொடக்கத்துக்கு முதல் வழி. படகுக்காரர் வீட்டில் இருந்தால் மட்டும் இரண்டாவது.

5. நிரப்பி ஓட விடுதல்

வீட்டுக்குள் வைப்பதற்கு முன் திண்ணையிலோ முற்றத்திலோ சமமான பலகை மேல் வைத்துச் சாதாரணத் தண்ணீர் நிரப்பி இரண்டு நாள் பாருங்கள். கசிவு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு பாறையைத் தொட்டியின் அடிக்கண்ணாடி மேல் நேரடியாக அடுக்கி, அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். மணல் மேல் பாறையை வைத்தால் மீன் தோண்டித் தோண்டி ஒரு நாள் சரிந்துவிடும். உப்பு லிட்டருக்குச் சுமார் 36 முதல் 38 கிராம். டிரம்மில் கலந்து ஊற்றுங்கள். அடர்த்தி 1.025 வர வேண்டும். ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் சரிபார்த்தால் போதாது. ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அளவுள்ள சோதனைத் திரவம் சின்னக் குப்பியில் கிடைக்கும், அதில் சரிபாருங்கள்.

எல்லாம் ஓடும்போது மெயின் சுவிட்சை அணையுங்கள். மேல்தொட்டித் தண்ணீர் எவ்வளவு கீழே இறங்குகிறது, சம்ப் அதைத் தாங்குகிறதா என்று பாருங்கள். திரும்பும் குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்னத் துளை போட்டால் காற்று புகுந்து உறிஞ்சுவது நின்றுவிடும். இதை இப்போது செய்யாவிட்டால் நள்ளிரவில் மின்சாரம் போகும் அன்று முன்னறை முழுக்க உப்புத் தண்ணீர்.

6. பாக்டீரியாவை வளர்த்தல்

நடப்பது இதுதான். மீன் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா வரும். ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரேட் ஓரளவு இருந்தால் மீனுக்குத் தொந்தரவில்லை, தண்ணீர் மாற்றிக் குறைத்துவிடலாம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பவை அல்ல, பாறையின் நுண்துளைகளிலும் மணலிலும் ஒட்டி வாழ்பவை. பால் தயிராவதைப் போல ஒரே இரவில் பெருகுபவையும் அல்ல. ஒரு மடங்கு இரண்டு மடங்காகவே அரை நாள் முதல் ஒரு நாளுக்கு மேலும் ஆகும். அதனால்தான் இத்தனை வாரம். கடல்நீரில் பிஹெச் 8.2 அளவில் இருப்பதால், நம் ஊர்ச் சூடும் சேர்ந்து, அம்மோனியா நன்னீரில் இருப்பதைவிடக் கூடுதல் நஞ்சாக வேலை செய்யும். நன்னீர்த் தொட்டி அனுபவத்தை வைத்து இங்கே அவசரப்படாதீர்கள்.

மீனைப் போட்டு வளர்க்க வேண்டாம். அம்மோனியாவை நாமே ஊற்றி வளர்க்கலாம். சுத்தமான அம்மோனியம் குளோரைடு 6 கிராம் எடுத்து 100 மில்லி ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கரைசல் 10 மில்லி, 100 லிட்டர் தொட்டித் தண்ணீரில் ஏறக்குறைய 2 பிபிஎம் அம்மோனியா தரும். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் தேய்க்கும் நவச்சாரமும் இதே பொருள்தான். ஆனால் கடை நவச்சாரத்தில் என்னென்ன கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளி ஆய்வகத்துக்கு விற்கும் சுத்தமான பொடியையே வாங்குங்கள். இறாலைத் துணியில் கட்டிப் போட்டு அழுக விடும் பழைய முறையும் உண்டு. நாற்றம் வீட்டையே தூக்கும், எவ்வளவு அம்மோனியா வருகிறது என்ற கணக்கும் இருக்காது.

முதல் நாள்: பாட்டில் பாக்டீரியாவை நன்றாகக் குலுக்கிப் பாறை மேல் படும்படி ஊற்றுங்கள். ஸ்கிம்மரோ யு.வி. விளக்கோ இருந்தால் இரண்டு நாள் அணைத்து வையுங்கள். 2 பிபிஎம் அம்மோனியா சேருங்கள். பாட்டில் வாங்குவதிலும் கவனம் வேண்டும். மே மாத வெயிலில் கூரியர் வண்டியில் நான்கு நாள் வெந்து வந்த பாட்டிலில் உயிர் மிஞ்சியிருக்காது. காலாவதித் தேதியைப் பாருங்கள், குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கும் கடையில் வாங்குங்கள். ஏற்கெனவே நன்றாக ஓடும் நண்பரின் தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி மணலோ ஒரு சின்னப் பாறையோ கிடைத்தால் அது எந்தப் பாட்டிலையும்விட மேல். நோய் இல்லாத தொட்டி என்று உறுதியாக இருந்தால் மட்டும்.

பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்கள். என் நோட்டில் இப்படி இருக்கிறது. 11-ஆம் நாள் வரை அம்மோனியா அசையவே இல்லை. 13-ஆம் நாள் 1, 15-ஆம் நாள் 0.25. அதே நேரத்தில் நைட்ரைட் ஏறி, 19-ஆம் நாள் குழாய் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது. அப்படியே இரண்டு வாரம் நின்றது. அந்த இரண்டு வாரம்தான் பொறுமை போகும், தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கலாமா என்று தோன்றும். கொட்டாதீர்கள். இரண்டாவது வகைப் பாக்டீரியா மெதுவாகத்தான் வரும். அம்மோனியா 0 ஆகும்போதெல்லாம் 1 பிபிஎம் அளவுக்கு மறுபடி அம்மோனியா சேருங்கள், இல்லையென்றால் முதல் வகை பட்டினி கிடக்கும். ஆனால் 5 பிபிஎம்முக்கு மேல் போனால் அந்த அம்மோனியாவே பாக்டீரியாவைத் தடுத்துவிடும். 34-ஆம் நாள் நைட்ரைட் சட்டென்று இறங்கியது.

இடையில் தண்ணீர் பால் போலக் கலங்கும். அது வேறு பாக்டீரியா, தானே அடங்கும். மூன்றாம் நான்காம் வாரத்தில் மணலிலும் பாறையிலும் பழுப்புப் பொடி படியும். அது டயாட்டம் என்ற நுண்பாசி, புதிய தொட்டிகளில் வழக்கமானது. இரண்டுக்கும் மருந்து ஊற்றாதீர்கள்.

முடிந்ததா என்று அறிய ஒரே சோதனை: 2 பிபிஎம் அம்மோனியா சேருங்கள். 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் 0, நைட்ரைட்டும் 0 என்று வர வேண்டும். எனக்கு அது 38-ஆம் நாள்.

டெஸ்ட் கிட்டில் இரண்டு பொறிகள் உண்டு. சொட்டு விடும் நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து கட்டியாகப் படிந்திருக்கும். அதை அரை நிமிடம் பலமாகக் குலுக்கிவிட்டே சொட்டு விடுங்கள், விட்ட பிறகு குழாயையும் ஒரு நிமிடம் குலுக்குங்கள். இல்லையென்றால் எப்போதும் 0 காட்டும். அடுத்தது, நைட்ரைட் இருக்கும் வரை நைட்ரேட் கிட் கூடுதலாகத்தான் காட்டும். அந்த வாரங்களில் நைட்ரேட்டைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

7. முதல் மீன்

சோதனை தேறிய அன்று பாதித் தண்ணீரை மாற்றி நைட்ரேட்டை 20 பிபிஎம்முக்குக் கீழே கொண்டு வாருங்கள். அடுத்த ஒன்றிரண்டு நாளில் மீன் வர வேண்டும். தாமதமானால் இரண்டு நாளுக்கு ஒருமுறை 1 பிபிஎம் அம்மோனியா தொடருங்கள்.

இரண்டு சின்னக் கோமாளி மீன்கள் போதும். கடலில் பிடித்தவை வேண்டாம், வளர்ப்பில் பிறந்தவற்றைக் கேட்டு வாங்குங்கள். விழிஞ்ஞத்திலும் மண்டபத்திலும் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலைய மையங்கள் கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைத்து வளர்த்திருக்கின்றன, அப்படிப் பிறந்த மீன்கள் சந்தையிலும் வருகின்றன. அவை தொட்டி இரைக்குப் பழகியவை. கடையில் இரை போடச் சொல்லிப் பாருங்கள். பாய்ந்து தின்னும் மீனையே வாங்குங்கள்.

அடுத்த இரண்டு மீன்களுக்குக் குறைந்தது மூன்று வாரம் இடைவெளி விடுங்கள். ஒரே நாளில் ஆறு மீன் விட்டால், இரண்டு மீனுக்குப் பழகிய பாக்டீரியாவால் சமாளிக்க முடியாது.

8. வளர்த்த பாக்டீரியாவைக் காப்பது

ஸ்பாஞ்சையும் பஞ்சையும் குழாய்த் தண்ணீரில் கழுவாதீர்கள். அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொல்லும். தண்ணீர் மாற்றும் நாளில் வெளியே எடுத்த பழைய உப்புத் தண்ணீரிலேயே அலசுங்கள். எல்லா வடிகட்டிகளையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம்.

ஆவியாகிக் குறையும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். உப்பு ஆவியாகாது. விசிறி ஓடினால் என் தொட்டியில் ஒரு நாளைக்கு 3 லிட்டர் வரை குறைகிறது. அதை உப்புத் தண்ணீரால் ஈடுகட்டினால் இரண்டே வாரத்தில் உப்பு எக்கச்சக்கமாக ஏறிவிடும்.

பாக்டீரியா வேலை செய்யும்போது காரத்தன்மையைச் செலவழிக்கும். வாரம் ஒருமுறை அளந்து 8 dKH-க்குக் (காரத்தன்மையின் அலகு) கீழே விடாதீர்கள். பெரும்பாலும் வாராவாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினாலே போதும்.

மீனுக்கு நோய் வந்தால் மருந்தைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். தாமிர மருந்து பாறையில் ஊறிக்கொள்ளும், ஆன்டிபயாட்டிக் பாக்டீரியாவையே அழிக்கும். 30 லிட்டர்ப் பிளாஸ்டிக் டப்பா ஒன்றைத் தனியாக வைத்துக்கொண்டு மீனை அங்கே மாற்றிச் சிகிச்சை செய்யுங்கள். அதே போல் தொட்டி இருக்கும் அறையில் கொசு மருந்து அடிக்க வேண்டாம். ஏர் பம்பு அந்தக் காற்றைத்தான் தண்ணீருக்குள் தள்ளும்.

9. மின்சாரம் போகும் நாள்

இந்தப் பாக்டீரியாவுக்கு ஆக்சிஜன் வேண்டும், மீனுக்கும் வேண்டும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும். பராமரிப்புக்காகக் காலை முதல் மாலை வரை மின்சாரம் நிறுத்தும் நாட்களை முன்கூட்டியே அறிவிப்பார்கள், அதைக் கவனியுங்கள். 2017-இல் ஒக்கி புயல் அடித்தபோது பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. எனவே மின்சாரம் போனதும் தானே ஓடும் பேட்டரி ஏர் பம்பு கட்டாயம். இன்வெர்ட்டர் இருந்தால் வேவ் மேக்கரை மட்டும் அதில் இணையுங்கள், 8 வாட்தான் இழுக்கும். மூடிய கேனிஸ்டர் வடிகட்டி வைத்திருப்பவர்கள், மின்சாரம் பல மணி நேரம் கழித்து வந்தால் அதை உடனே ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். அதைக் கொட்டி, பழைய உப்புத் தண்ணீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள். மின்சாரம் இல்லாத நேரத்தில் இரை போடக் கூடாது.

நான் வேலைக்குப் போன பிறகு வீட்டில் அம்மா மட்டும்தான். தொட்டியின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன்: "கரண்ட் போனால் நீல பம்பு சத்தம் கேட்கிறதா பார். கேட்காவிட்டால் பக்கத்திலுள்ள பேட்டரி மாற்று. அதுவும் இல்லையென்றால் சொம்பால் தண்ணீரை மோந்து ஒரு சாண் உயரத்திலிருந்து ஊற்று, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. இரை போடாதே. எனக்கு போன் பண்ணு." போன ஐப்பசியில் ஒரு முழுப் பகல் அம்மா அந்தச் சொம்போடு உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலை அளந்தபோது அம்மோனியா 0.